அறுபது மடங்கு

மறுபடியும் ஆடியிருந்தது. ஹெப்சிபா கேமராவின் சின்னத் திரையில் படத்தைப் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள், உள்ளான் பறவையின் காலில் மாட்டியிருந்த மஞ்சள் அடையாளக் கொடி ஒன்றுக்கு இரண்டாகத் தெரிந்தது, அதன்மேல் இருக்கும் எழுத்துகள் எழுத்தாகவே இல்லை. சனியன் பிடித்த ட்ரைபாட். வாங்கும்போதே தெரியும். கடைக்காரன் அதன் காலைத் தட்டிக் காட்டி யானை ஏறினாலும் அசையாது மேடம் என்றபோதே திரும்பி வந்திருக்க வேண்டும். யானையை ஏற்றுவதற்கா ஒருத்தி ட்ரைபாட் வாங்குகிறாள், ஒரு ஸ்கோப்பையும் அதன் பின்புறத்தில் மாட்டிய ஒரு சின்னக் கேமராவையும் அசையாமல் பிடித்துக்கொண்டால் போதாதா. ஸ்கோப் என்றால் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்க்கிற நீளத் தொலைநோக்கி, தூரத்தில் இருப்பதை அறுபது மடங்கு பெரிதாக்கிக் காட்டும். பறவையை அறுபது மடங்கு பெரிதாக்கும் என்று விளம்பரத்தில் போடுகிறார்கள், ஆட்டத்தையும் அறுபது மடங்கு பெரிதாக்கும் என்று எவனும் போடுவதில்லை. ஒரு ஈ வந்து உட்கார்ந்தால் அங்கே பூகம்பம். தூத்துக்குடிக்குத் தெற்கே ஓர் உப்பளத்து வரப்பில், வாடைக் காற்று முகத்தில் அடிக்க, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் இங்கே வந்து நின்று, ஐம்பத்திரண்டு வயதில் கையளவுப் பறவையோடு மல்லுக்கட்டுகிறாள். பறவை என்னவோ அமைதியாகத்தான் நிற்கிறது. கடலில் ஏற்றம். கரையோரச் சேறெல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டதால் உள்ளான் கூட்டம் மொத்தமும் உப்புப் பாத்தியின் விளிம்பில் வந்து ஒண்டியிருக்கிறது, தண்ணீர் வடிகிறவரை அவற்றுக்கு வேறு வேலை இல்லை, அலகை முதுகில் செருகிக்கொண்டு ஒற்றைக் காலில் தூங்குகின்றன. அந்த ஒன்று, கொடி இருக்கிற காலைத்தான் ஊன்றியிருக்கிறது. இதைவிட ஒருத்திக்கு என்ன வாய்ப்பு வேண்டும். ஆனால் எடுக்கிற படமெல்லாம் ஆடுகிறது, போன வாரமும் ஆடியது, அதற்கு முந்தைய வாரமும் ஆடியது, ட்ரைபாட்டைத் தூக்கிப் பாத்தியில் எறிந்துவிட்டுப் போய்விடலாம் போலிருந்தது.

போன மாதத்துப் படம் ஒன்றைப் பறவை பார்க்கிறவர்களின் போன் குழுவில் போட்டதுதான் தப்பு. போட்டிருக்கவே கூடாது. எங்கோ பனிப் பிரதேசத்தில் யாரோ பிடித்துக் கொடி கட்டி அனுப்பிய பறவை நம் ஊர் உப்பளத்துக்கு வந்திருக்கிறதே, அந்த நாலு எழுத்தைப் படித்துச் சொன்னால் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடுமே என்ற ஆசையில் போட்டாள். அந்தக் குழுவை நடத்துகிற சிவஞானம் என்கிறவர், நேரில் பார்த்ததுகூடக் கிடையாது, உடனே பதில் எழுதினார்: படம் ஆடியிருக்கிறது, எழுத்து தெரியவில்லை, கொடி இருப்பதையே உறுதியாகச் சொல்ல முடியாது. சரி, அதோடு நிறுத்தியிருந்தால் மனுஷன். கீழே இன்னொரு வரி, கை பத்திரம் மேடம், பக்கத்தில் சிரிக்கிற மூஞ்சி ஒன்று. கை பத்திரமாம். யாருடைய கையைப் பற்றி யார் பேசுவது. இந்தக் கை எத்தனை பேர் வாய்க்குள் போய் வந்த கை தெரியுமா. இருபத்தாறு வருஷமாகப் பல் பிடுங்குகிற, வேர்க்குழாய்க்குள் மயிரிழை ஊசியை இறக்குகிற கை. சிரிக்கிற மூஞ்சியாம். அந்த ஆள் வாயைத் திறந்து என் நாற்காலியில் ஒருநாள் உட்காரட்டும், சிரிக்கட்டும் அப்போது. ஆனால் கோபம் அந்த ஆளோடு நிற்கவில்லை, அதுதான் பெரிய எரிச்சல். அந்த வரியைப் படித்த ராத்திரியிலிருந்து அவளுக்குள் ஒரு கேள்வி வந்து குந்திக்கொண்டது, துரத்தினால் போகிறது, திரும்ப வருகிறது. ஆடுவது ட்ரைபாட்டா, கையா. ட்ரைபாட்டாகத்தான் இருக்க வேண்டும். கையாக இருந்தால் கிளினிக்கை இழுத்து மூட வேண்டியதுதான். அதனால் ட்ரைபாட்தான்.

ட்ரைபாட்தான் என்பதற்கு ஆதாரமும் இல்லாமல் இல்லை. முதலில் தரை. உப்பளத்துத் தரையை நம்பவே கூடாது, மேலே பொருக்கு இறுகிச் சிமென்டு போட்டதுபோலத் தெரியும், உள்ளே சேறு, நிற்க நிற்க ஒரு கால் மட்டும் யாருக்கும் தெரியாமல் இறங்கும். அதற்கு மூன்று ஓட்டுச் சில்லு கொண்டுவந்து மூன்று காலுக்கும் கீழே வைத்தாகிவிட்டது. அடுத்தது கேமராவும் ஸ்கோப்பும் சேருகிற இடம், அங்கே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி, தொட்டால் லொடலொட என்றது. அதற்குக் கிளினிக்கிலிருந்து பல் அளவு எடுக்கிற புட்டி மாவைக் கொண்டுபோய் உருட்டித் திணித்தாள், இறுகியதும் ரப்பர் மாதிரிக் கவ்விக்கொண்டது, இப்போது கேமராவைப் பிடித்து இழுத்தால் ஸ்கோப்பும் சேர்ந்து வரும். காலை நீட்டினால் ஆட்டம் அதிகம் என்று காலைக் குறுக்கி, முட்டி போட்டுக்கொண்டுதான் எடுக்கிறாள், சேலை வேண்டாம் என்று சுடிதாரில் வந்தும் முட்டியெல்லாம் உப்பு. கடைசியாகக் கனம். நடுத்தண்டின் அடியில் ஒரு கொக்கி, அதில் பாரம் தொங்கவிட்டால் ட்ரைபாட் ஊன்றி நிற்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். துணிப்பையில் ஈரமணலை அள்ளிப்போட்டுத் தொங்கவிட்டிருந்தாள். இப்போது குனிந்து பார்த்தாள். பை ஆடிக்கொண்டிருந்தது. காற்று பையைத் தள்ளுகிறது, பை தண்டை இழுக்கிறது, தண்டு ஸ்கோப்பை ஆட்டுகிறது. அட முட்டாளே! ஆட்டத்தை நிறுத்துவதற்கென்று தொங்கவிட்ட பாரமே ஆட்டுகிறது, இத்தனை நாளும் அதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறாள், தன்னைத் திட்டிக்கொள்ளும்போதே நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்தது. பைதான். பார்த்தாயா, பைதான். கொக்கியிலிருந்து கயிற்றை அவிழ்த்து நீளமாக்கி, பையின் அடிப்பாகம் தரையில் பாதி உட்காருகிற மாதிரி இறக்கிக் கட்டினாள். கயிறு விறைப்பாக நின்றது, பை அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஆள்காட்டி விரலின் நுனியால் பொத்தானை அமுக்கினாள். படத்தைப் பெரிதாக்கினாள். ஆடியிருந்தது.

"காப்பி ஊத்தட்டுமா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ஆசீர். கட்டிய புருஷன், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்ப்பதும் இவளைப் பார்ப்பதுமாக இருக்கிறான். பறவை எதுவும் அவனுக்குத் தெரியாது, காக்காய், கொக்கு, மற்றதெல்லாம் குருவி. இத்தனை நாள் இவள் தனியாகத்தான் வருவாள், இந்த ஒரு மாதமாகத்தான் ஆராதனையையும் விட்டுவிட்டு நானும் வாரேன் என்று வண்டியில் ஏறிக்கொள்கிறான், ஏன் என்று இவள் கேட்கவும் இல்லை.

"ஒண்ணும் வேண்டாம்."

"ஆறிப்போவும்."

"போவட்டும். நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க. நீங்க அசைஞ்சா தரை அசையுது."

"நான் அசையவே இல்லையே, ஹெப்சி."

"இப்ப பேசுதீங்கல்லா."

அவன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நாலடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தான், கோபப்படவில்லை, அவனுக்குக் கோபமே வராது, அதுவே ஒரு கோபம் இவளுக்கு. இரண்டு பேரும் நிதானமாக இருந்தால் வீட்டில் யார்தான் கத்துவது. இந்த மனுஷனுக்கு ஏதாவது ஒன்று உடைந்தாலும் சரி, உடைந்ததைக் கையில் எடுத்து இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பார்ப்பான், எங்கே ஒட்டலாம் என்று பார்ப்பான். உடைத்தவர் யாரென்று கேட்கத் தோன்றாது. அப்பா அப்படி இல்லை. அப்பா கேட்பார். யார் உடைத்தது, எப்படி உடைந்தது, கை என்ன செய்துகொண்டிருந்தது. ஹெட்மாஸ்டர். கை என்ன செய்துகொண்டிருந்தது என்பது அவருக்குப் பிடித்த கேள்வி. கடைசியில் அவர் கை என்ன செய்தது. இல்லை, அப்பா கதை வேறு, அதை இப்போது எதற்கு இழுக்க வேண்டும். அப்பாவுக்கு அப்போது எழுபது. ஆனால் எழுபதில் ஊருக்குத் தெரிந்தது, தொடங்கியது எப்போது என்று யாருக்குத் தெரியும். முதலில் தம்ளரைக் குற்றம் சொன்னார். இந்தத் தம்ளருக்கு விளிம்பு சரியில்லை, பிடிக்க வாகில்லை. அம்மா வேறு தம்ளர் வாங்கினாள். பிறகு பேனா, மை ஒழுங்காக இறங்கவில்லை. பிறகு சட்டைப் பொத்தான், தையற்காரன் ஓட்டையைச் சின்னதாக வைத்துவிட்டான். ஒரு திருவிருந்து ஞாயிறு, பீடத்தின் முன்னால் எல்லாரும் முழங்காலிட்டிருக்க, ஐயர் என்று எல்லாரும் கூப்பிடுகிற புதுக் குருவானவர் கிண்ணத்தை நீட்டினார், அப்பா அதைத் தாங்கிப் பிடிக்கக் கை கொடுத்தார், திராட்சரசம் அவருடைய வெள்ளை ஜிப்பாவில் சிந்தியது. எழுந்து வரும்போதே சத்தமாகச் சொன்னார், புது ஐயருக்குக் கிண்ணம் பிடிக்கத் தெரியவில்லை. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹெப்சிபாவுக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் அடங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் திருவிருந்துக்குப் போகவே இல்லை. கடவுளையே விட்டாரே தவிர, என் கை நடுங்குகிறது என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வைத்தியம் பார்த்திருக்கலாம், என்ன மனுஷன், என்ன பிடிவாதம். கையாலாகாத தம்ளரையும் பேனாவையும் திட்டியே காலத்தை ஓட்டினார். ட்ரைபாட்டைத் திட்டியே என்று மனசுக்குள் ஒரு குரல் திருத்தியது, அதை அவள் ஒரே அதட்டில் உட்காரவைத்தாள்.

கிளினிக்கில் ஆடவில்லையே. அதைச் சொல்லு. கையாக இருந்தால் முதலில் எங்கே தெரிய வேண்டும், வாய்க்குள்ளே அல்லவா. நேற்றுக்கூட ஒரு கிழவருக்குக் கடைவாய்ப் பல்லைக் குடைந்தாள், ஒரு சின்னப் பிசகு இல்லை. ஆனால் அங்கே கை அந்தரத்தில் நிற்பதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். படிக்கும்போது முதல் வருஷத்திலேயே சொல்லித்தருவதுதான், கருவியைப் பிடிக்கிற கையின் மோதிர விரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்று, ஊன்றாமல் தொடாதே. நோயாளி தலையை ஆட்டினால் விரலும் சேர்ந்து ஆடும், கருவி வழுக்காது. நோயாளிக்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. டாக்டரின் கை நடுங்கினாலும் அந்த ஊன்றல் மூடி மறைத்துவிடும் என்பதை எந்தப் பேராசிரியரும் சொல்லவில்லை, எதற்குச் சொல்வார்கள். இங்கே ஊன்றுவதற்குப் பல் இல்லை. கேமராவின் மேல் ஒரு பொத்தான், அதன்மேல் அந்தரத்தில் ஒரு விரல், அவ்வளவுதான். வலது கையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். காற்றடிக்கிறது, கை அசைவது கையாலா காற்றாலா, எப்படிச் சொல்ல முடியும். சொல்ல முடியாது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் உண்மை, தெரிந்தால் தெரியும் அல்லவா. அறுபது மடங்கு பெரிதாக்கினால் யார் கையும்தான் ஆடும். சிவஞானம் கையும் ஆடும். பெருமாள் கோவில் கல் சிலை கையும் ஆடும். எரிச்சலில் கண்ணில் நீர் கட்டியது, உப்புக் காற்று என்று துடைத்துக்கொண்டாள்.

"டைமரு வச்சு எடுத்தா என்ன?" என்றான் ஆசீர். "போன்ல எல்லாம் வச்சிக்கிட்டு ஓடிவந்து நிப்போம்லா, அது மாதிரி. அமுக்கிட்டுக் கைய எடுத்துரலாம்."

ஏதோ மடியில் தேள் விழுந்த மாதிரி அவள் திரும்பினாள். "உங்களுக்கு உள்ளானப் பத்தி என்ன தெரியும்? நிக்காது. டைமரு ஓடி முடியறதுக்குள்ள நாலு எட்டு நடந்திரும்."

"தூங்கத்தான செய்யுது."

"தூங்குனா? முழிக்காதா?"

"எனக்கு உள்ளானத் தெரியாதுதான். தூங்குதுன்னு தெரியுது," என்றான் அவன், பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே.

டைமர் இருப்பது அவளுக்குத் தெரியாதா. கேமரா மெனுவின் எந்தப் பக்கத்தில், எத்தனையாவது வரியில் இருக்கிறது என்றுகூடத் தெரியும். ஒரு மாதமாக அந்த வரியைத் தாண்டித் தாண்டித்தான் போய்க்கொண்டிருக்கிறாள். டைமர் வைத்தால் விரல் படாது. விரல் படாமல் எடுத்தும் படம் ஆடினால் ட்ரைபாட், சந்தோஷம், வீட்டுக்குப் போகலாம். ஆடாமல் வந்தால். ஆடாமல் தெளிவாக வந்தால் என்ன செய்வது என்று இந்த மனுஷன் யோசித்தானா, வாய் இருக்கிறது என்று பேசுகிறான். யோசிக்காமல் பேசுகிறவன் இல்லையே இவன், என்று ஒரு கணம் ஓடியது, நிற்கவில்லை, அதற்குள் அடுத்த கோபம் வந்துவிட்டது, ஏனென்றால் கூட்டத்தின் ஓரத்தில் இரண்டு மூன்று உள்ளான்கள் அலகை வெளியே எடுத்துவிட்டன. வடியத் தொடங்கினால் எல்லாம் கிளம்பிவிடும். வெயிலும் ஏறுகிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் பாத்திக்கு மேலே கானல் எழும்பி எல்லாம் நெளியும், அப்புறம் எவன் அமுக்கினாலும் ஒன்றுதான். அவசரமாக நாலைந்து படம் எடுத்தாள். எல்லாவற்றிலும் கொடி இரட்டைக் கொடி, காலும் இரட்டைக் கால், அச்சுப் பிசகிய சுவரொட்டி மாதிரி ஒன்றின்மேல் ஒன்று. ஒவ்வொன்றாக அழித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது தாடை வலித்தபோதுதான் தெரிந்தது, நோயாளிகளிடம் செய்யாதீர்கள் என்று நாள் முழுக்கச் சொல்கிற காரியம்.

"நான் வேணா ஒரு தடவ அமுக்கிப் பாக்கட்டா?"

வேண்டாம் என்றுதான் சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. அலுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். எது வந்தாலும் வரட்டும் என்று எழுந்து நகர்ந்துகொண்டாள், முட்டி இரண்டும் கடுகடுத்தன. ஆசீர் பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். கிளினிக்கின் பின்னறையில் பல் செய்கிறவன் அவன்தான். இவள் வாயில் அளவெடுத்துக் கொடுப்பாள், அவன் அதைச் சுண்ணாம்பில் வார்த்து, மெழுகில் பல்லைச் செதுக்கி, பல்லின்மேல் மாட்டுகிற கேப் செய்து தருவான், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அப்படித்தான். மெழுகில் ஒரு கடைவாய்ப் பல்லின் பள்ளங்களை அவன் கீறும்போது பக்கத்தில் நிற்பவர்கள் மூச்சுவிட மறந்துபோவார்கள். அந்தக் கைக்கு ஆடாமல் வந்துவிடும், எல்லாம் முடிந்தது என்று அவள் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சின்னதாக ஒரு கிளிக். "வந்து பாரு," என்றான். அவள் வந்து பார்த்தாள். ஆடியிருந்தது. கொடி இல்லை, கால் இல்லை, பறவையே ஒரு சாம்பல் இழுப்பாக இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தாள், அவன் தோளில் அடித்தாள். "பாத்தீங்களா! பாத்தீங்களா! உங்களுக்கே ஆடுது! நான் சொன்னேன்லா, ட்ரைபாட்டு!" அவனும் சிரித்தான். "ஆமா, இது ஆவாத ட்ரைபாட்டுதான். வேற வாங்குவோம்," என்றான். வேறு வாங்கலாம், கார்பனில் வாங்கலாம், என்ன விலையானாலும் வாங்கலாம், கடைக்காரனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம், சிவஞானத்துக்கு ஒரு பதில் எழுதலாம். ஒரு மாதமாக அடைத்துக்கிடந்த மூச்சு வந்த மாதிரி இருந்தது. காப்பி கொடுங்கள் என்று கேட்டு வாங்கினாள். ஆறித்தான் போயிருந்தது, அமிர்தமாக இருந்தது.

குடித்துக்கொண்டே அந்தப் படத்தை இன்னொரு முறை பார்க்க ஆசை வந்தது, நல்ல செய்தி வந்தால் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதில்லையா. பார்த்தாள். பெரிதாக்கினாள். பல் எக்ஸ்ரே பார்த்துப் பழகிய கண், ஒன்றைப் பார்த்தால் அதை முன்னே பார்த்த நூறோடு சேர்த்து வைத்துத்தான் பார்க்கும், அவள் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாது. அவளுடைய படங்களில் எல்லாம் இரட்டை. இங்கே ஒரு கொடி, மயிரிழை தள்ளி அங்கே ஒரு கொடி, போய்ப் போய்த் திரும்பி வந்த ஆட்டம். இதில் இரட்டை இல்லை. இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு, போனது போனதுதான், திரும்பி வரவே இல்லை. காற்று இப்படிச் செய்யாது. தரை இப்படிச் செய்யாது. நடுக்கம் இப்படிச் செய்யவே செய்யாது. யாரோ ஒருவர் முட்டியாலோ முழங்கையாலோ ட்ரைபாட்டின் காலை ஒரு தள்ளுத் தள்ளினால் மட்டும்தான் இப்படி வரும். கீழே பார்த்தாள். ஓட்டுச் சில்லின்மேல் இருந்த இடது கால் சில்லை விட்டு ஒரு விரற்கடை நகர்ந்து உப்பில் கோடு போட்டிருந்தது. காப்பியைக் கீழே வைத்தாள். மெழுகில் பல் செதுக்குகிறவன். இருபத்தாறு வருஷத்தில் மேசை மேலிருந்த ஒன்றைக் கை தவறித் தட்டிவிட்டு அவள் பார்த்ததே இல்லை. இடித்திருக்கிறான். வேண்டுமென்றே இடித்திருக்கிறான். ஏன் இடிக்க வேண்டும், ஆடாமல் வந்துவிடும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தால் ஒழிய. தெரிந்திருக்கிறது. வீட்டில் சாம்பார் நான் ஊத்துதேன் என்று கரண்டியை வாங்கிக்கொள்வது. ஊசியில் நூல் கோர்க்கக் கேட்காமலே வந்து நிற்பது. மாடிப்படியில் பாத்திரம் எடுத்து வரவிடாதது. வயசான காலத்தில் மனுஷனுக்குப் பாசம் பொத்துக்கொண்டு வருகிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பாசமா இது. தெருவில் கண் தெரியாதவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற வேலை, அதுவும் அவளுக்கே தெரியாமல்.

"இடிச்சீங்களா?" என்றாள்.

"எத?"

"ஆசீர்." அவள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது கல்யாணமான பிறகு இதுதான் முதல் தடவை. "என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. ட்ரைபாட்ட இடிச்சீங்களா இல்லையா?"

அவன் கடலைப் பார்த்தான். "இடிச்சேன்."

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"போன ஈஸ்டருக்கு முந்தி. அந்த பேங்க் மேனேஜரு வீட்டம்மாவுக்குக் கேப் போட்டோம்லா. நீ ராவிக் குடுத்த பல்லு, அளவுல ஓரம் அலை அலையா வந்திச்சு. முதல்ல அளவெடுக்குற தட்டு அசைஞ்சிட்டு போலன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் வந்தது எல்லாம் அப்படித்தான் இருந்திச்சு. அந்த அலைக்குத் தக்கன மெழுக இழுத்து இழுத்துச் சரி பண்ணிக்கிட்டேன்."

ஈஸ்டர். இது தை மாதம். அப்படியானால் விரலை ஊன்றியும் ஆடியிருக்கிறது. ஊன்றல் மூடி மறைத்தது அவளிடமிருந்து மட்டும்தான், சுண்ணாம்புக்குத் தெரிந்திருக்கிறது, இவனுக்குத் தெரிந்திருக்கிறது. பின்னறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு அவள் பிசகை ஒவ்வொன்றாகத் தடவித் தடவி ஒப்பேற்றிக்கொண்டிருந்திருக்கிறான், அவள் முன்னறையில் டாக்டரம்மா என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்திருக்கிறாள். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"வாய்க்குள்ள கைய வைக்குற வேலைங்க இது! ஊசி போடுதேன், குடையுதேன். எவனுக்காவது நரம்புல பட்டிருந்தா? எவளுக்காவது நாக்கக் கிழிச்சிருந்தா?"

"ஒண்ணும் ஆவலல்லா."

"ஆவலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? கேப் போட்டதுதான உங்ககிட்ட வரும்? மத்ததெல்லாம்?"

அவன் நடுமண்டையைச் சொறிந்தான். "எப்படிச் சொல்ல, ஹெப்சி? ட்ரைபாட்டுக்கே இந்தப் போடு போடுத. நீயா கண்டுபிடிப்பன்னு இருந்தேன். இன்னைக்கு டைமர வைன்னேன். நீ பாத்த பார்வைல எனக்குப் பயம் வந்திட்டு. உன் முகத்தப் பாக்க முடியல."

"என் முகத்துக்காக இடிச்சீங்க."

"ஆமா."

அப்பாவின் முகத்துக்காக அம்மா தம்ளர் தம்ளராக வாங்கினாள். அம்மாவின்மேல் ஒருநாளும் வராத கோபம் இப்போது வந்தது, செத்துப்போனவள்மேல், அதோடு இந்த மனுஷன்மேல், அன்பாக இருக்கிறேன் என்று ஒருத்தியை முட்டாளாக்கி உட்காரவைக்கிற எல்லார்மேலும். ட்ரைபாட்டைப் பிடித்து நகர்ந்த காலைச் சில்லின்மேல் திருப்பி வைத்தாள், பையைச் சரியாக உட்காரவைத்தாள், கேமராத் திரையில் பார்த்துத் தேடினாள். கூட்டம் பாதி விழித்துவிட்டது. கொடி கட்டியதும் அலகை வெளியே எடுத்திருந்தது, ஆனால் இன்னும் அங்கேயே, அதே காலில்.

"உக்காருங்க. இப்ப ஒழுங்கா அமுக்குங்க."

"வேண்டாம், ஹெப்சி."

"அமுக்குங்கன்னா அமுக்குங்க!"

அவன் உட்கார்ந்தான். விரலைப் பொத்தானின்மேல் வைத்து, மெழுகின்மேல் கத்தியை இறக்குவது போலத்தான், மெதுவாக அமுக்கினான். அவள் அவனைத் தள்ளிவிட்டுத் திரையைப் பெரிதாக்கினாள். அலகின் நுனியில் ஒட்டியிருந்த சேறு தெரிந்தது. இறகு ஒவ்வொன்றின் ஓரமும் தெரிந்தது. மஞ்சள் கொடி ஒன்றே ஒன்று, அதில் நாலு எழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளையும் படித்துவிடும். இதற்காகத்தான் ஒரு மாதமாக அலைந்தாள். படித்தாள், மறுபடி படித்தாள், மனசில் ஏறவில்லை.

"நல்லா விழுந்திருக்கு," என்றான் ஆசீர் மெல்ல, சொல்லியிருக்க வேண்டாம்.

அவள் கேமராவை விட்டு எழுந்தாள். வரப்பில் நாலு எட்டு நடந்தாள், திரும்பி வந்தாள், கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். சாயங்காலங்களில் கிளினிக்குக்கு வருகிற சின்ன டாக்டர் ஷைனியின் எண்ணைத் தேடுவதற்குள் இரண்டு முறை விரல் வேறு பேரில் பட்டுவிட்டது. ஆசீர் உதவிக்குக் கை நீட்டினான். அவள் பார்த்த பார்வையில் கையை மடக்கிக்கொண்டான். ஷைனி இப்போதுதான் ஆராதனை முடிந்து கோவிலிலிருந்து வந்ததாகச் சொன்னாள், உங்களைக் காணோமே என்று கேட்டாள்.

"ஷைனி, நாளைலேர்ந்து வர்ற பேஷன்டு எல்லாரையும் நீதான் பாக்கணும். பல்லு பிடுங்குறது, வேர் வைத்தியம், எல்லாம்."

"சரி டாக்டர். ஊருக்குப் போறீங்களா?"

"இல்ல. இங்கதான் இருக்கேன்." ஆசீர் தலையைக் குனிந்துகொண்டான். "என் கை நடுங்குது."

"என்னது டாக்டர்? கேக்கல, ஒரே காத்து இரையுது."

ஹெப்சிபா காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, இன்னும் சத்தமாக, அதையே மறுபடியும் சொன்னாள்.